பழகின கை

“உங்க அத்தை ஊரிலிருந்து வர்றதுக்குள்ள இதை ஓட விட்டாகணும், மாப்பிள்ளை” என்றார் மாமனார். கார் ஷெட்டில் நின்ற பழைய லேத்தின், இரும்பைக் கடையும் அந்த மெஷினின், துருவை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மூடின ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்தீங்களாமே! ரிட்டயர் ஆகியும் விட மனசில்லையா, மாமா?”

“பழகின கை சும்மா இருந்தா மனசு வாடிப்போகும், மாப்பிள்ளை.”

“காரைத் தெருவுல நிறுத்தினதுக்கு அத்தை உங்களை உண்டு இல்லைன்னு பண்ணப்போறாங்க!”

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மாமனார் அவசரமாக ஸ்விட்சைப் போட்டார். லேத் முனகியது, பிறகு சீராகச் சுழன்றது.

ஷெட்டுக்குள் வந்த மாமியார் பையை இறக்கி வைத்தார். மாப்பிள்ளை மெல்ல நழுவப் பார்த்தான்.

மாமியாரோ வளையல்களைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு, லேத்தை நிறுத்தினார். “இரும்பைச் சீவுற டூலோட முனை தாழ்ந்திருக்கே! ஸ்டோர் ஜன்னல்ல உக்காந்து டூல் எடுத்துக் கொடுத்தவருக்கு இதெல்லாம் எங்க தெரியும்?”

டூலுக்கு அடியில் தகடு வைத்து உயரத்தைச் சரிசெய்தார். அந்த ஒர்க்‌ஷாப்பில் தானே இருபது வருடம் ஓட்டிய லேத்தை மறுபடி ஓடவிட்டார்.

“மழுங்கிப்போச்சுன்னு தினமும் டூலைத் தூக்கிட்டு என் ஜன்னலுக்கு வருவா, மாப்பிள்ளை” என்றார் மாமனார். “ஒண்ணுகூட மழுங்கியிருக்காது.”