குறையாத ஆயில்

முள் படுத்துவிட்டது.

இஞ்சின் குளிர்ந்திருந்தபோது நிமிர்ந்து நின்ற முள்தான். சூடு ஏற ஏறச் சாய்ந்து, கடைசியில் பூஜ்யத்தை ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

ஆயில் அழுத்தம் விழுந்தால் எரியும் வண்டியின் சிவப்பு லைட்டை மெக்கானிக் நம்பவில்லை. லைட்டு பொய் சொல்லும். அதற்கான சுவிட்சைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் தன் சொந்த மீட்டரைத் திருகியிருந்தார். இதுவும் அதையேதான் சொல்லிற்று. ஆயில் அழுத்தம் நிஜமாகவே இல்லை.

அவருடைய மச்சான், தங்கையின் வீட்டுக்காரன், பக்கத்தில் டீயை ஊதிக்கொண்டு நின்றான்.

"போன வாரம் வரைக்கும் ஒண்ணுமில்ல மச்சான். இந்த லைட்டுல ஃபியூஸ் போன பல்பை மாத்தினேன். அன்னிலேருந்து சிவப்பா எரியுது."

"பல்பு மாத்தினா வண்டிக்கு வியாதி வருமாடா?"

மச்சான் எதையும் ஜோடியாகத்தான் செய்வான். வாங்கியது ஒரே மாதிரி இரண்டு டீசல் பிக்கப். போன மாதம் டீசலைப் பீய்ச்சும் நாசில்களை மாற்றியதும் இரண்டுக்கும் ஒரே நாளில். எங்கேயோ சல்லிசாகக் கிடைத்ததாம். வீட்டிலேயே ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வண்டியில்தான் தங்கை இன்று பிள்ளைகளோடு மலை தாண்டி மாமியார் வீட்டுக்குப் போவதாக இருந்தது. லைட்டைப் பார்த்துப் பயந்து வண்டியை இங்கே கொண்டுவந்தானே, இவன் பிறந்ததிலிருந்து செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். நல்லவேளை, என்று மெக்கானிக் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

இஞ்சின்மேல் கை வைத்துக் கேட்டார். தேய்ந்த இஞ்சின் உள்ளே தட்டும். இது தட்டவில்லை.

பம்ப் போயிருக்குமோ? ஆயிலை மட்டும் அவர் இன்னும் பார்க்கவில்லை. தினமும் காலையில் பார்க்கிறேன் என்று மச்சான் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

"ஒரு சொட்டு குறையல மச்சான். சொன்னா நம்ப மாட்ட, கொஞ்சம் கூடத்தான் இருக்கு. ரெண்டு வண்டியிலயும்."

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றது.

ஆயில் குச்சியை உருவினார். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருந்தது. ஒரு சொட்டை விரலில் தேய்த்தார். பிசுபிசுக்க வேண்டியது தண்ணீராய் ஓடிற்று. முகர்ந்தார். டீசல் நாற்றம்.

பாய்ந்துபோய்ச் சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தார்.

மட்டமான நாசில். டீசல் ஒழுகி ஒழுகி ஆயிலில் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலுக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? வீங்கினதைப் பார்த்துக் கொழுத்தது என்று நினைத்திருக்கிறான், மடையன்.

அழுத்தம் போவதுகூடப் பெரிதில்லை. ஆயில் இப்படி வீங்கினால், ஒருநாள் இஞ்சின் அதையே உறிஞ்சிக் குடிக்க ஆரம்பிக்கும். ருசி கண்டுவிட்டால் அப்புறம் ஆக்சிலேட்டரை மிதிக்கவே வேண்டாம், தன்பாட்டுக்கு வேகம் எடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. தொழில் பழகிய காலத்தில் அவர் ஒரு தடவை பார்த்திருக்கிறார். பட்டறை மொத்தமும் தெருவுக்கு ஓடிப்போய் நின்றது, அது வெடிக்கும் வரைக்கும்.

"இன்னொரு வண்டியில இந்த லைட்டு எரியுதா?"

"அதுல எப்படி எரியும்? அந்த பல்பைத்தானே கழட்டி இதுல போட்டேன். நல்ல வண்டிக்கு எதுக்கு லைட்டு?"

"அது எங்க நிக்குது இப்ப?"

மச்சான் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எங்க நிக்குது? லைட்டு எரியற வண்டியில பொண்டாட்டி புள்ளைங்கள அனுப்புவேனா நான்? காலையிலேயே அதுல கிளம்பிட்டாங்க. உன் தங்கச்சிதான் ஓட்டுறா."

மெக்கானிக்கின் விரலில் இருந்த ஆயில் போனில் வழுக்கிற்று. துடைத்துத் துடைத்து அழுத்தினார். பெரிய பிள்ளை எடுத்து, அம்மாவின் காதில் வைத்தது.

அவர் வாய் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

"அண்ணா, பக்கத்துல அவர் இருந்தா சொல்லு, வண்டி சூப்பர்னு. ஏத்தத்துல ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டேன், அப்பவும் தானா ஏறுது. உச்சிக்கு வந்துட்டோம், இனிமே இறக்கம்தான்."

பின்னால் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சத்தத்தையும் மீறி இஞ்சின் கேட்டது.