படத்தில் இருந்த கை

"அத்தா, கை மட்டும் இருக்கு. ஆளெங்க?" என்று மகள் அஃப்னா கேட்டபோதுதான் அப்ஸல் அதைக் கவனித்தான்.

கொச்சியில் கொச்சங்காடிக் கிணறுகள் உப்பாவது பற்றி அவன் எழுதிய கட்டுரையின் அச்சுப்படி, பிழைபார்க்க ஆய்விதழிலிருந்து வந்திருந்தது. படத்தில் கிணற்றுநீர்க் குப்பியைப் பிடித்திருந்தது, கூட ஆய்வு செய்த பாக்கியலக்ஷ்மியின் கை. பாதி ஆய்வு அவளுடையது. அவன் நோன்பிருந்த நாட்களில் அவனை நிழலில் உட்காரவைத்து அவளே நீர் இறைத்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். தன் பெயரில் மட்டும் கட்டுரை வந்தால் களமசேரிப் பல்கலைக்கழகத்தில் வேலை உறுதி என்று அவள் பெயரை அவன் விட்டுவிட்டான். படத்திலிருந்து கையையும் அழித்துத்தான் அனுப்பியிருந்தான்.

மறுபடி அழித்து அனுப்பினான். அடுத்த படியிலும் கை இருந்தது. வளையல் நனைந்திருந்தது.

மனைவி ஜுமைலாவிடம் சொன்னான். அவள் பயப்படவில்லை.

"மரிச்சவங்க பங்குல நமக்குச் சோறு வேண்டாங்க. பேரைப் போடுங்க."

"ஜோலி போயிட்டா?"

"சாயாக்கடை வைப்போம். நீங்க போடற சாயா அத்தனை மோசமில்ல."

மறுநாள் காலை அவள் மகளை மதரசாவுக்குக் கூட்டிப்போனதும், அப்ஸல் பிஸ்மி சொல்லி உட்கார்ந்தான். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பாக்கியலக்ஷ்மியின் பெயரை முதலில் எழுதினான். தன் பெயரை அடுத்து. நடந்ததை மறைக்காமல் இதழாசிரியருக்கு எழுதி, அழிக்காத பழைய படத்தையும் சேர்த்து அனுப்பினான்.

பிறகு அழிக்காத அந்தப் படத்தைத் திறந்து பார்த்தான். அதில் கை இல்லை. கிணற்றின் மேலே, பிடிப்பார் யாருமின்றி, குப்பி விழாமல் நின்றது.