பச்சைப் புள்ளி

சும்மா கிடைத்தால் சுருக்குக் கயிற்றையும் வாங்கிக் கழுத்தில் மாட்டிப் பார்க்கிற சனம்.

மனதுக்குள் திட்டிக்கொண்டே மீனவர் சங்க அறையின் பின்னால் நின்றார் அவர்.

எல்லார் கண்ணும் கம்ப்யூட்டர் திரையில். நீலத்தின் நடுவே ஒரு பச்சைப் புள்ளி.

அவர் மகன் ரெமிஜியுசின் படகு.

படகிலிருக்கும் பெட்டி கரையிலுள்ள டவரோடு பேசும். திரையில் புள்ளி விழும். யாரோ ஒருவன் எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிப் பொதுவில் போட்ட செயலி. எவரும் திருத்தலாமாம். திருத்தத்தான் ஆளில்லை.

அந்த டவரைத்தான் முந்தாநாள் பழைய கம்பெனிக்காரன் அணைத்துவிட்டுப் போனான். புதுக் கம்பெனி மூன்று மாதம் சும்மா என்றதும் ஊரே சிம்மை மாற்றியிருந்தது. பழையவன் யாருக்காக டவரைக் கட்டிக் காப்பான்?

புதியவனின் சிக்னல் மணலோடு சரி.

நேற்று ராத்திரிக் காற்றில் கோயில் கொடிமரம் சாய்ந்துவிட்டது. மற்ற படகுகள் அதற்கு முன்பே கரையேறியிருந்தன.

"பாருங்க மாமா," மருமகள் சலேத் அவர் கையைப் பிடித்தாள். "நேத்துப் பார்த்த அதே எடம். நங்கூரம் போட்டு நிக்காவ."

அந்தக் காற்றிலா?

"தேடப் போவோம்லே," என்றார். "ரெண்டு படகு போதும்."

"புள்ளி பச்சையாத்தான இருக்கு பெரியப்பா," என்றார் செயலாளர் கஸ்பார். "தொடர்பு போனா செவப்பாயிரும்னு அதுலயே போட்டிருக்கு. இந்தக் கடல்ல எவன் எறங்குவான்?"

"டவரே செத்துக் கெடக்கு. புள்ளி எங்கேருந்துலே வரும்? எழுதினவன்ட்ட கேளு."

"அவரு இத விட்டுட்டுப் போயி வருசக்கணக்காச்சு. கேட்டேன். பதிலே இல்ல."

"அப்ப எவன நம்பிலே உக்காந்திருக்கீய?"

"பெருசு காலண்டரையே நம்பாது," என்றான் ஒருவன்.

சிரித்தார்கள். இரண்டு நாளுக்குப் பிறகு சலேத்தும் சிரித்தாள். திரையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவுக பசியோட வருவாவ," என்று கிளம்பினாள்.

உலை வைக்க.

அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

மறுபடி புள்ளியைப் பார்த்தார். நங்கூரம் போட்டாலும் படகு சுற்றும், இழுபடும். இது ஆணி அடித்தாற்போல் இருந்தது.

வெளியே நடந்தார். கடல் இன்னும் அடங்கவில்லை.

மணலில் கவிழ்ந்து கிடந்தது அவருடைய பழைய வள்ளம். நான்கு ஆள் தூக்குவது.

ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

எழவில்லை.

மறுமுனைக்குப் போனார்.