ஏழு நாள் அவகாசம்

காலையில் நடக்கப் போன சந்தானம் வீடு திரும்பாமல் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவனுடைய பாஸ்வேர்டுகள் எல்லாம் பிரவுசரின் மூலையில் ஒரு சின்னப் பூட்டுக்குள் கிடந்தன. தனக்கு ஏதாவது ஆனால் அதைத் திறக்கச் சொல்லி மனைவி வசுமதியின் பெயரைத்தான் கொடுத்திருக்கிறான் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். கொழுந்தன் தினகரன் பட்டனைக் காட்டினான். "அமுக்குங்க அண்ணி. நீங்க கேட்டதா அண்ணனுக்கு மெயில் போகும். ஏழு நாளைக்குள்ள அவர் மறுக்கலைன்னா தானா திறந்துக்கும்." "மறுத்தா?" என்றாள். அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான். அமுக்கினாள். அவள் பக்கத்தில் வந்தாலே 'உனக்கெதுக்கு இதெல்லாம்' என்று லேப்டாப்பைப் படாரென்று மூடுகிறவன் சந்தானம். பதினாறு வருஷம் அந்தச் சத்தத்தில் குறுகிப்போனவள், இப்போது அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதற்காகவே உட்கார்ந்திருந்தாள். எங்கிருந்தாவது ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிடுங்க என்று திரையிடம் கெஞ்சினாள். ஆறாம் நாள் சாயங்காலம்வரை யாரும் மறுக்கவில்லை. கேட்டதை ரத்து செய்யவும் ஒரு பட்டன் இருந்தது. அதை அமுக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. இரண்டு மாதம் கழித்து தினகரன் போன் செய்தான். "என்ன அண்ணி, இன்னுமா திறக்கலை?" "இல்ல தம்பி," என்றாள். "அவருக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு."