பக்கத்திலேயே நிற்கிறவன்

கோச் பலகையில் எழுதியிருந்த பெயர்களை டேமியன் அவசர அவசரமாக உள்ளங்கையால் அழிப்பதை ஜாரட் பார்த்துவிட்டான். அழித்த கையோடு அதே இடத்தில் தன் கையெழுத்தில் வேறு பெயர்களை எழுதத் தொடங்கினான் டேமியன்.

"கோச் போட்ட டீமை மாத்த நீங்க யாரு?"

டேமியன் திடுக்கிட்டுத் திரும்பினான். "போய்க் காலுக்குக் கட்டுப் போடு, ஜாரட். நேரமாச்சு."

பதில் சொல்லும் மரியாதைகூட இல்லை. ஜாரட் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான். இன்றைக்கு ஃபுட்பால் செமி ஃபைனல். கேப்டனான அவனே சண்டை போட்டால் ஊர் சிரிக்கும்.

டேமியன் வெறும் உதவிக் கோச். தலைமைக் கோச் லாரி டன்ஸ்டன். கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் அந்தச் சின்ன ஆஸ்திரேலிய ஊரில் அவர் பெயரைச் சொன்னால் கடையில் பியர் சும்மா கிடைக்கும். ஆடிய காலத்தில் தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தாலும், முகத்தில் தண்ணீர் அடித்தால் எழுந்து மறுபடி பந்தின் பின்னால் ஓடியவர். அப்பா விட்டுவிட்டுப் போன ஜாரட்டுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

அப்படிப்பட்ட மனுஷரை இந்த சீசன் முழுக்க டேமியன் ஒட்டிக்கொண்டே திரிந்தான். யாராவது பேச வந்தால் அவர் காதில் ஏதோ முணுமுணுப்பான். நிருபர்கள் கேட்டால் முந்திக்கொண்டு பதில் சொல்வான். காரில் அழைத்து வருவதும் அவன், கொண்டுபோய் விடுவதும் அவன். யாரும் அவரைத் தனியாகப் பார்த்துவிடக் கூடாது.

கோச்சும் மாறிப்போயிருந்தார். முன்பெல்லாம் பெயர் சொல்லித் திட்டுவார். இப்போது எல்லாரும் 'சாம்பியன்'தான். டேமியன் அவருக்கும் பசங்களுக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டான் என்று ஜாரட்டுக்கு மனசு ஆறவில்லை.

"தலைமைக் கோச் ஆகாம சாக மாட்டேன்" என்று டேமியன் குடித்துவிட்டு ஒருமுறை எல்லார் முன்னாலும் சொன்னவன்தான். போன மாதம் மெல்பர்னில் ஒரு பெரிய கிளப் அந்த வேலைக்கே அவனைக் கூப்பிட்டது. போக மாட்டேன் என்றுவிட்டான்.

"ஏன் போகலைங்கிற? இங்க கிழவனைத் தள்ளிவிட்டுட்டு உக்காரப் போறான்டா" என்றான் தடுப்பாட்டக்காரன் டூலி. ஜாரட்டுக்கும் வேறு காரணம் தோன்றவில்லை.

அன்றைக்கு ஆட்டம் கடுமை. ஆட்டத்தின் நாலாவது, கடைசிப் பகுதிக்கு முன்னால் இரண்டு கோல் பின்தங்கியிருந்தார்கள். எல்லாரும் வட்டமாக நிற்க, கோச் நடுவே வந்து வாயைத் திறந்தார்.

"பசங்களா, காத்து நம்ம பக்கம்..." என்று ஆரம்பித்து ஒரு கணம் நிறுத்தினார்.

அதற்குள் டேமியன் உள்ளே புகுந்துவிட்டான். "கோச் சொல்றது புரியுதில்ல? பந்தை ஓரத்துல வச்சு ஆடாதீங்க. நடுவுல கொண்டு வாங்க. ஜாரட், நீ முன்னால போ!"

வேறு யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர் போல, கோச் ஒதுங்கி நின்று சிரித்தார்.

ஜெயித்தார்கள். மைதானத்தைச் சுற்றி நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. கிளப் தலைவர் டேமியனைக் கட்டிப்பிடித்துத் தூக்காத குறை. ஜாரட் மட்டும் அந்தக் கூட்டத்திலிருந்து நழுவினான்.

மைதானத்தின் அந்தக் கோடியில், எல்லைக்கோட்டை ஒட்டிய பெஞ்சில் கோச் தனியாக உட்கார்ந்து இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் தின்றுகொண்டிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு டேமியன் இல்லாமல் அவர் கிடைத்தது இன்றைக்குத்தான்.

"கோச், ஒண்ணு சொல்லணும்."

"உக்காரு சாம்பியன். எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? ஜெயிச்சிட்டோம்ல?"

ஜாரட் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். சொல்லத் தொடங்கியதும் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. "டேமியன் நல்லவன் இல்ல, கோச். கூடவே இருந்து குழி பறிக்கிறான். காலைல பலகையில இருந்த டீமை அழிச்சு அவன் இஷ்டத்துக்கு எழுதுறான். யாரையும் பேச விடறதில்ல. கோச் வேலை மேலதான் அவனுக்குக் கண்ணு."

கோச் பலகாரத்தைக் கீழே வைத்தார். முகம் சிவந்தது. "அப்படியா பண்றான்? கூடவே இருந்துக்கிட்டேயா?"

"ஆமா, கோச். எங்க எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் தைரியம் வரல."

"சீ! அடுத்தவன் பொழப்பைப் பறிக்கிறவன் மனுஷனா?"

பழைய கோச்சே திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. ஜாரட்டுக்குக் கண்ணீர் முட்டியது. "நீங்க இல்லைன்னா எனக்கு யாரும் இல்ல. உங்களை விட்டுக் கொடுக்க மாட்டேன்."

தூரத்தில் டேமியன் அவர்களைப் பார்த்துவிட்டான். தலைவரை உதறிவிட்டு, மைதானத்தின் குறுக்கே தலைதெறிக்க ஓடி வந்தான். குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம் என்று ஜாரட் நினைத்தான். வரட்டும். இன்றைக்கு முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

கோச் தன் பெரிய கையை ஜாரட்டின் தோளில் போட்டு அணைத்துக்கொண்டார். கட்டை விரலால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, காதருகே குனிந்து அக்கறையாகச் சொன்னார்:

"என்கிட்ட சொல்லி என்னப்பா பண்றது? ஓடிப்போய் உங்க கோச்கிட்ட சொல்லு."