அமாவாசைக் கணக்கு

சங்கிலியின் இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. வந்திருப்பது யார் என்று ஒய்யம்மாள்தான் புருஷனின் காதருகே குனிந்து சொன்னாள்.

"கரண்டுக்காரத் தம்பி. நம்மகிட்ட தேன் வாங்குமே, அது."

தனசேகர் ரொட்டிப் பொட்டலத்தை ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் வைத்தான். உட்காரவில்லை.

சங்கிலியின் காலில் மாவுக்கட்டு. முகத்தில் தேனீ கொட்டாத இடமில்லை.

பாறைத்தேன் எடுக்க, உச்சியில் கட்டிய காட்டுக்கொடியைப் பிடித்து அமாவாசை இருட்டில்தான் இறங்குவார்கள். வெளிச்சம் பட்டால் தேனீ கிளம்பிவிடும். பாச்சலூருக்குக் கீழே அவர்கள் குடியிருப்பில் காலண்டர் பார்க்கிறவர் யாரும் இல்லை. சங்கிலி எண்ணிச் சொல்வதுதான் நாள்.

"பாதிக் கொடியில தொங்குறேன் தம்பி. இருட்டிக் கொஞ்ச நேரந்தான். மலைய மூடுன மஞ்சு பூராம் வெள்ளையாயிருச்சு. நெலாவேதான். அம்புட்டு ஈயும் எந்திரிச்சிருச்சு."

"கண்ணாலங் கட்டுன வருசத்தக் கேட்டா முழிக்கும் இந்த மனுசன்" என்றாள் ஒய்யம்மாள். "நெலாவ மட்டும் விட்டதே இல்ல. இப்ப அதுலயும் மண்ணு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பாறை உச்சியில் கொடியைக் காவல் காப்பவன் மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அக்காள் தாலிக்கு அவன்தான் பொறுப்பு. ஒய்யம்மாளின் தம்பி அழகுமலை நேற்றே சொல்லிவிட்டான். நாள் தெரியாதவருக்கு இனிக் கொடி பிடிக்க மாட்டானாம்.

அவன் பிடிக்காவிட்டால் சங்கிலிக்குப் பாறை இல்லை.

சங்கிலி காற்றில் துழாவித் தனசேகரின் கையைப் பிடித்தார்.

"பத்து நாளா வானம் மூடாப்பு. வெரல விட்டு எண்ணுனதுதான். நீங்க போன்ல பாத்துச் சொல்லுங்க தம்பி, நான் எறங்குன செவ்வாக்கெழம அமாவாசை தானே? ஆமான்னா அழகுமலகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. வெளிய பீடி குடிச்சிக்கிட்டு நிப்பான்."

தனசேகர் போனை எடுத்தான். பார்க்கத் தேவையில்லை. பார்த்தான்.

செவ்வாய்க்கிழமையின் மேல் அமாவாசையின் கறுப்பு வட்டம்.

"வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சுண்ணே."

சங்கிலி கையை விட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அழகுமல சொன்னது சரிதான்" என்றார் ஒய்யம்மாளிடம்.

தேன்பாறைக்கு எதிர்மலை விடுதியில் நாற்பதடிக் கம்பம். அதன் தலையில் புது விளக்கு. மாட்டியவன் தனசேகர். நல்ல இருட்டில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார்கள். மஞ்சு விலகட்டும் என்று அரைமணி நேரம் எரியவிட்டான்.

நல்ல இருட்டு என்றைக்கு வரும் என்பதைப் பாச்சலூர் டீக்கடையில் வைத்துச் சங்கிலியிடம்தான் கேட்டிருந்தான்.

அன்றும் மூடாப்பு. சங்கிலி மேலே பார்க்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். செவ்வாய்க்கிழமை என்றார்.