மூன்று வயது ஆண் மான்

விசையை இழுத்ததும் கல்யாணசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மான் இல்லை.

பட்டுவிட்டது என்று அவரே அறிவித்தார்.

பக்கத்தில் குந்தியிருந்த ராக்கப்பன் மான் நின்ற இடத்தைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "ஆமாங்க சார்" என்றான்.

வளைகுடா நாட்டு ராஸ் அல் கைமா மலையடிவாரம், வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. சிமெண்ட் ஆலைக்கு அன்று விடுமுறை. ஆலை மேனேஜர் கல்யாணசுந்தரம் வாரத்தில் ஒரு நாள் வேட்டைக்காரராக மாறுவது அன்றைக்குத்தான்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தன் குறுக்குவில்லை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தோளில் வைத்து விசையை இழுத்தால் அம்பு பாயும். அம்பு முனையில் சவரக் கத்தி மாதிரி மூன்று தகடுகள். கூடவே வேட்டைப் புத்தகம் ஒன்றும் வந்தது. மேனேஜர் அதை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டார். மான்கள் அதைப் படிக்காததுதான் இதுவரை சிக்கல்.

போன வெள்ளிக்கிழமை குறி தப்பியது. சனிக்கிழமை காலை ஆலைத் தொழிலாளி வைரவனின் லீவு பேப்பர் குப்பைக்கூடைக்குப் போனது. இது ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ராக்கப்பனின் லீவு பேப்பர் நாலு மாதமாக அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. கமுதிப் பக்கத்தில் தங்கை பஞ்சவர்ணத்தின் மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடி இங்கே ஆலையின் கல்குவாரியில் மாட்டிக்கொண்டதால் மூன்று முறை தேதி தள்ளிப்போய், பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. இந்த ஆவணியும் வராவிட்டால் வேறு யார் மடியிலாவது உட்கார வைத்துக்கொள்கிறோம் என்று மச்சான் கடிதம் போட்டுவிட்டார். ராக்கப்பனுக்கு எழுத்து வராது. வைரவன்தான் வாசித்துக் காட்டினான்.

அம்பு விட்ட பிறகு அரை மணி நேரம் அசையக் கூடாது என்பது புத்தகத்தின் விதி. துரத்தினால் அடிபட்ட மான் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டால் எங்காவது படுத்துவிடும். மேனேஜர் பாறையில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்தார். அம்பை மட்டும் தேடி எடுத்து வருவதாகச் சொல்லி ராக்கப்பன் முள்மரங்களுக்குள் போனான்.

அரை மணி கழித்து அம்போடு வந்தான். மூன்று தகட்டிலும் ரத்தம் இருந்தது. தலையில் கட்டியிருந்த துண்டு இப்போது அவன் கையில் சுற்றியிருந்தது. மேனேஜர் அம்பை மட்டும்தான் பார்த்தார்.

ராக்கப்பன் முன்னால் நடந்து தடம் காட்டினான். வெள்ளைக் கூழாங்கல்லில் ஒரு சொட்டு. காய்ந்த சருகில் இரண்டு. பின்னால் வந்த மேனேஜர் பாடம் நடத்தினார். ரத்தம் கறுத்திருந்தால் ஈரலில் பட்டிருக்கிறது, நுரையோடு இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. இது நுரையீரல்தான் என்று முடிவு செய்தார். நுரை ராக்கப்பனுக்குத் தெரியவில்லை. படித்தவர் கண்ணுக்குத் தெரிந்தது.

ஒரு சொட்டை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தார்.

"ஆண் மான். மூணு வயசு. காட்டு ரத்தத்தோட வாசனையே தனி, ராக்கப்பா. கேம்ப் சோறு தின்னு வளர்ற உடம்புக்கெல்லாம் இது வராது."

ராக்கப்பனும் குனிந்து மோந்து பார்த்தான். வாசனை வருவதாக ஒத்துக்கொண்டான்.

கரும்பாறைச் சரிவில் தடம் முடிந்தது. அதற்கு மேல் ஏற மேனேஜரின் தொப்பை சம்மதிக்கவில்லை. மான் அந்தப் பக்கம் விழுந்திருக்கும், நரிகளும் பிழைக்க வேண்டாமா என்று பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார்.

வண்டி நிழலில் நண்பர் அனந்தகிருஷ்ணன் உட்கார்ந்து, மேனேஜரின் மனைவி பிரபாவதி கொடுத்தனுப்பிய பிளாஸ்க்கைக் காலி செய்துகொண்டிருந்தார். பேங்கில் வேலை. தப்பிய குறிகளைத் தமிழ்க் குடும்பங்கள் அத்தனைக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தவர் இவர்தான். மேனேஜர் ரத்தம் தோய்ந்த அம்பை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அனந்தகிருஷ்ணன் முதல் முறையாகச் சிரிக்காமல் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

மேனேஜர் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ராக்கப்பனின் பேப்பரை அவரே கேட்டு வாங்கி, வண்டியின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கீழே கைநாட்டு வேண்டும். தொழிலாளியிடம் எந்த நேரமும் கைநாட்டு வாங்க வேண்டி வரும் என்று மைப்பெட்டியை வண்டியிலேயே வைத்திருப்பவர் அவர்.

ராக்கப்பன் வலது பெருவிரலை நீட்டினான். ஆண்களுக்கு இடது விரல்தான் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

துண்டை அவிழ்க்க நேரமாயிற்று. விரலை மையில் ஒற்றி, பேப்பரில் அழுத்தி எடுத்தான். கறுப்பு ரேகைக்கு நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டிலிருந்து சிவப்பு கசிந்து கையெழுத்துப் பக்கமாகப் பரவியது.

மேனேஜர் பேப்பரைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். முள் அத்தனை நேராகக் கிழிக்காது. ராக்கப்பன் தலை குனிந்து நின்றான். பேப்பர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

அது என்ன சிவப்பு என்று கேட்டு அனந்தகிருஷ்ணன் எழுந்து வந்தார்.

"மை பழசு. கசியுது."

மேனேஜர் பேப்பரை அவசரமாக மடித்து ராக்கப்பனின் சட்டைப் பையில் அவரே செருகினார். அவருடைய விரலிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

இந்த முறை அவர் மோந்து பார்க்கவில்லை.